திரு. மங்குலெஞ்சே கருத்து எதுவும் கூறவில்லை

எங்கள் கொள்முதல் குழுவில் ஐந்து உறுப்பினர்கள். அந்த ஆண்டு அவர்களில் நான்கு பேர் உயிரோடு இருந்தார்கள். ஐந்தாமவரான தொழில்நுட்ப உறுப்பினர் அட்சன் மங்குலெஞ்சே பிப்ரவரி மாதமே முசாஞ்சே ஆற்று வெள்ளத்தில் போய்விட்டார். ஆனால் உயர்தொழில்நுட்பப் பொருள் எதை வாங்குவதானாலும் ஐவரும் கூட்டத்தில் இருந்தாக வேண்டும் என்பது விதி. அவர் இடத்தில் வேறொருவரை அமர்த்த தலைநகர் லிலோங்வேயிலிருந்து ஆணை வர வேண்டும். ஆணை கேட்டு எழுதினோம். உறுப்பினரின் பதவி விலகல் கடிதத்தை மூன்று படிகளில் அனுப்பவும் என்று பதில் வந்தது.

ஆகவே அவர் நாற்காலி அப்படியே இருந்தது. அவர் பெயரெழுதிய அட்டை மேசைமேல் அப்படியே இருந்தது. கூட்டம் தொடங்கும்போது அவருக்கும் மூன்று கரண்டி சர்க்கரை போட்ட தேநீரும் எண்ணெயில் பொரித்த இரண்டு மந்தாசிப் பணியாரமும் வைக்கப்பட்டன. நடவடிக்கைக் குறிப்பேடு எழுதுவது என் வேலை. பிளாண்டயரில் உள்ள ஆற்றுவெள்ள முன்னறிவிப்பு வாரியத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்து வருகிறேன். 'வந்திருந்தோர்: ஐவர்' என்று தொடக்கத்தில் எழுதினேன். 'திரு. மங்குலெஞ்சே கருத்து எதுவும் கூறவில்லை' என்று முடிவில் எழுதினேன். இரண்டில் ஒன்றாவது உண்மை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

முதல் கூட்டம் முடிந்ததும் அவருடைய தேநீரை நான்தான் குடித்தேன். சர்க்கரை வீணாகப் போகிறதே என்ற எண்ணம்தான். இரண்டாவது கூட்டம் முடிந்து கோப்பையை எடுக்கப் போனால் அது காலியாக இருந்தது. மந்தாசியில் ஒன்றைக் காணோம். நான் தொடவில்லை. மற்ற நால்வரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் பென்சன் செம்பெரேக்காவிடம் சொன்னேன். அவர் கோப்பையை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

"லெவிசன், இதைக் குறிப்புல எழுதாத. அடுத்த கூட்டத்துக்கு மந்தாசி மூணா வை" என்றார்.

இத்தனை கூட்டங்களும் எதற்கென்றால், ஒரு கணினி வாங்க. அதைக் கேட்டவள் தியாமிகே நசோம்பே. மலையில் பெய்த மழையை வைத்து, கீழே நலுவேடே கிராமத்தில் ஆறு எத்தனை மீட்டர் ஏறும் என்று கணித்துச் சொல்வது அவள் பணி. முப்பத்துநான்கு வயது. சிரிக்கத் தெரிந்தவள்தான். பிப்ரவரிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் நடந்தது இதுதான். வாரியத்தின் பழைய மேசைக் கணினி ஐந்து மணி நேரம் கணக்குப் போட்டு 2.4 மீட்டர் என்றது. ஐந்து மீட்டரைத் தாண்டினால்தான் எச்சரிக்கை. அந்த எண்ணை நான் மூன்று படிகளில் தட்டச்சு செய்தேன். படிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் என் வேலை. ஒப்பிட்டேன். மூன்றிலும் தவறில்லாமல் 2.4 என்றே இருந்தது. 'பிழையற்றது' என்ற முத்திரையைக் குத்தினேன். மங்குலெஞ்சே அப்போது நலுவேடேயில் அளவுகோல் கம்பத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோய்க் கேட்ட ஊராரிடம், "ரெண்டு புள்ளி நாலுதான் வரும், வீட்லயே இருங்க" என்று சொல்லியிருக்கிறார். பிற்பகலில் ஆறு 6.9 மீட்டர் வந்தது. ஊரில் பதினோரு பேரும் அவரும் செத்தார்கள்.

மறுநாள் தியாமிகே அதே மழைக்கணக்கை அதே கணினியில் மறுபடி ஓட்டினாள். ஓர் எண்கூட மாற்றவில்லை. அது 6.9 என்றது. முதல் நாள் அதன் நினைவகத்தில் எங்கோ ஓர் ஒன்று, பூச்சியமாகப் புரண்டிருக்கிறது. சாதாரண மேசைக் கணினிக்கு அது தெரியாது. தெரியாமலே கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டது. அந்த முத்திரை இன்னும் என் இழுப்பறையில்தான் கிடக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசும். எடுக்காமல் ஒரு நாளும் என் வேலை நடக்காது.

ஏப்ரலில் முதல் கூட்டம். தியாமிகே நேர்மையாக ஒரு தாள் தயாரித்துக் கொண்டுவந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"ரெண்டு வகை ப்ராசஸர் இருக்கு, பம்போ" என்று மரியாதையாக இயக்குநரைப் பார்த்துச் சொன்னாள். "ஒண்ணு சாதாரண மேசைக் கணினிக்கானது. புதுசு வாங்கினா நம்ம கணக்கை மூணு மணி நேரத்துல முடிச்சிரும். ஆனா நினைவுல தப்பு விழுந்தா இதுக்கும் தெரியாது. இன்னொண்ணு சர்வர் ரகம், வொர்க்ஸ்டேஷனுக்கானது. அது நினைவைச் சரிபார்த்துக்கிட்டே போகும். தப்பு விழுந்தா திருத்திரும். ஆனா நம்ம புரோகிராம் பழசு, ஒரு கோர்லதான், ஒரு மூளையிலதான் ஓடும். அதனால நாலரை மணி நேரம் ஆகும். மலைத்தண்ணி நலுவேடே வந்து சேர ஆறு மணி நேரம். எதை வாங்கறதுன்னு நாமதான் முடிவு பண்ணணும்."

வேகமாக வந்து ஏமாற்றக்கூடியது ஒன்று, தாமதமாக வந்து உண்மை சொல்வது மற்றொன்று. ஊர் மேடேற ஒன்றரை மணி நேரம் போதுமா, மூன்று மணி நேரம் வேண்டுமா என்பதுதான் கேள்வி. குழு அந்தக் கேள்விக்குப் போகவே இல்லை.

"எத்தனை கோர்?" என்று கேட்டார் பண்டகசாலை அதிகாரி மக்குலூனி.

"மேசைல எட்டு. சர்வர் ரகத்துல இருபத்துநாலு."

"நம்ம ஊழியர் இருபத்திரண்டு பேர்தானே? மிச்சம் ரெண்டை யார் கணக்குல வைக்கறது?"

"ஆளுக்கு ஒண்ணு கொடுக்கறதில்ல, பம்போ. எல்லாம் ஒரே சில்லுக்குள்ள இருக்கும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ சொன்னபடி பார்த்தா, ஒண்ணு வேலை செய்யும், மிச்ச இருபத்துமூணும் வேடிக்கை பார்க்கும். அப்படித்தானே?"

"இப்போதைக்கு ஆமா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அது அரசாங்கத்துக்குன்னே செஞ்ச மிஷின். நமக்கு நல்லா ஒத்துப்போகும்."

அமைச்சகத்துப் பிரதிநிதி கைபேசியிலிருந்து தலையெடுக்காமல் ஆமோதித்தார். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். திரு. மங்குலெஞ்சே கருத்து எதுவும் கூறவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் சர்வர் ரகத்துக்கே ஒப்புதல் கிடைத்துவிடும் போலிருந்தது. அப்போது விதிப் பிரிவின் தலைவி மாயி எலூபி சிம்பிட்டா எழுந்து நின்றார். அவர் உட்கார்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"இருபத்தாறு வருஷமா இந்தப் பிரிவுல இருக்கேன்" என்றார். "இந்த வாரியத்துல ஒரு காற்புள்ளியைக்கூட அனுமதி இல்லாம யாரும் திருத்தினது கிடையாது. இப்ப ஒரு இயந்திரம் வருமாம். தப்பைத் தானே கண்டுபிடிக்குமாம். தானே திருத்துமாம். ஒரு வார்த்தை சொல்லாம அடுத்த வேலைக்குப் போயிருமாம். தப்பு செஞ்சது யாரு? திருத்தச் சொல்லி உத்தரவு போட்டது யாரு? கையெழுத்து எங்கே? நான் கேக்கறேன், நாளைக்கு நம்ம எல்லாரையும் இப்படித் திருத்த ஆரம்பிச்சா என்ன பண்றது? தப்பு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். முறையா இருக்கணும்."

"மாயி, பன்னிரண்டு பேர் செத்தாங்க" என்றாள் தியாமிகே.

"தெரியும்மா. அது முறையா பதிவாகியிருக்கு. மூணு படியிலயும்."

அந்தக் கூட்டத்தின் முடிவில்தான் கோப்பை காலியாக இருந்தது.

அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் தியாமிகே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அச்சிமேனே, அந்தத் தேத்தண்ணியை நீங்களா குடிக்கிறீங்க?" என்றாள். என்னை அவள் அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

"முதல் தடவை மட்டும்தான்."

"பழைய கம்ப்யூட்டரை ஆன் பண்ணா அவரோட இருமல் கேக்குது" என்றாள். "உள்ள சுத்தற காத்தாடிச் சத்தம்தான்னு தெரியும். தெரிஞ்சே வெளியில வந்து நிக்கிறேன். அவர் வந்து நின்னாக்கூட எனக்குப் பயமில்ல. 'ஏம்மா, இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலை?'ன்னு கேட்டுருவாரோன்னுதான் பயம். இன்னொரு அஞ்சு மணி நேரம் ஆகும்னு எப்படிச் சொல்வேன்?"

எனக்கும் அப்படியொரு பயம் உண்டு. எங்கள் அலுவலகத்தில் ஊர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கணினியில், உள்நுழைந்திருப்பவர்களின் பெயருக்கு எதிரே ஒரு பச்சைப் புள்ளி எரியும். மங்குலெஞ்சே பெயருக்கு எதிரே அது அணைந்ததே இல்லை. வெளியேறும் பொத்தானை உறுப்பினர் தாமாகவே அழுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் என் இடத்துக்குப் போவேன்.

ஜூலையில் மூன்றாவது கூட்டம். தியாமிகே இரண்டு நாள் தூங்காத முகத்தோடு வந்தாள். ஆனால் கையில் ஒரு வழி இருந்தது. நான் படிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது தோன்றியதாம்.

"சர்வர் ரகம் வேண்டாம், பம்போ. சாதாரண மேசைக் கணினியே ரெண்டு வாங்குவோம். ரெண்டும் சேர்ந்தே விலை குறைவு. இங்க பிளாண்டயர்லயே கிடைக்கும். ஒரே கணக்கை ஒரே நேரத்துல ரெண்டுலயும் ஓட்டுவோம். மூணு மணி நேரத்துல விடை வந்துரும். ரெண்டும் ஒண்ணா இருந்தா நம்பலாம். வேறவேறயா இருந்தா ஏதோ ஒண்ணு பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சு போகும்."

எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. குறிப்பெழுதுபவன் கை தட்டக் கூடாது. மாயி சிம்பிட்டா விதி முப்பத்தொன்றைப் படித்தார். ஒரே நோக்கத்துக்காக ஒரே வகைப் பொருள் இரண்டை வாங்குவது ஊழலாகக் கருதப்படும். அவர் கையிலிருந்த விதிப்புத்தகம் மூன்று படிகளில் ஒன்று. மற்ற இரண்டும், ஒருவேளை இதில் ஏதாவது தவறு இருந்தால் ஒப்பிட, பக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தன.

"ஒரே கேள்விக்கு ரெண்டு பேரைப் பதில் சொல்ல வைக்கறது, அந்த இயந்திரத்தை அவமானப்படுத்தற மாதிரி" என்றார் மக்குலூனி. "அரசாங்கச் சொத்து மேல நம்பிக்கை வேணும்."

தியாமிகே தன் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று மங்குலெஞ்சேயின் நாற்காலியைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்களேன் என்று அவள் கேட்டது எனக்கு மட்டும்தான் கேட்டது. திரு. மங்குலெஞ்சே கருத்து எதுவும் கூறவில்லை.

அக்டோபரில் மாமரங்கள் காய்த்துத் தொங்கின. அடுத்த மழைக்கு அதிக நாளில்லை. நான்காவது கூட்டத்தில் குழு ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது. முழுக் கணினி வாங்கினால் கோப்பு லிலோங்வே போக வேண்டும். உதிரிப்பாகம் என்றால் பண்டகசாலை அதிகாரியே வாங்கலாம். ப்ராசஸர் என்பது ஓர் உதிரிப்பாகம். ஆகவே சர்வர் ரக ப்ராசஸர் ஒன்றை மட்டும் தனியாக வாங்கி, பழைய மேசைக் கணினிக்குள் பொருத்துவது.

"பம்போ, அது இதுக்குள்ள உக்காராது" என்றாள் தியாமிகே. "அளவே வேற. அதுக்குன்னு தனிப் பலகை வேணும், தனி நினைவு வேணும்."

"கொஞ்சம் தட்டினா போயிரும்" என்றார் மக்குலூனி.

நவம்பரில் சில்லு வந்தது. உள்ளங்கை அகலம், மந்தாசியைவிடத் தட்டை. மக்குலூனி தட்டிப் பார்த்தார். போகவில்லை. அதற்குள் துணை அமைச்சர் திறப்பு விழாவுக்குத் தேதி கொடுத்துவிட்டதால், அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வரவேற்புக் கூடத்தில், மாலை போட்ட மங்குலெஞ்சே படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். போதகர் ஜெபம் செய்தார். நாடா வெட்டப்பட்டது. இயக்குநர் பேசினார்.

"சிலர் கேக்கறாங்க, இது ஓடுமான்னு. ஓடற பொருள் தேஞ்சு போகும். இது தேயாது. இதுக்கு மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், பயிற்சி வேண்டாம். இது நம்ம கட்டடத்துல இருக்குங்கிற ஒரே காரணத்தால இந்த வாரியத்தோட தரம் உயர்ந்திருக்கு. நலுவேடே மக்கள் இனி நிம்மதியா தூங்கலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். படத்திலிருந்த மங்குலெஞ்சே யாரையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். தியாமிகே விழாவுக்கு வரவில்லை. அவள் அறையில் பழைய கணினியின் காத்தாடி இருமிக்கொண்டிருந்தது.

டிசம்பர் பதினெட்டாம் தேதி விடியும்போதே மலையில் அடித்துப் பெய்தது. காலை எட்டு மணிக்கு மழைக்கணக்கு வந்தது. நான் என் மேசைக்குப் போகவில்லை. நேராக தியாமிகே அறைக்குப் போனேன்.

"என் கம்ப்யூட்டரும் உன்னோடதும் ஒரே ஜாதி" என்றேன். "ஒரே வருஷம் வாங்கினது. குறிப்பெழுத மட்டும்னு அதுமேல சீட்டு ஒட்டியிருக்கு. சீட்டைக் கிழிச்சுட்டேன்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். புரோகிராமை என் கணினியிலும் ஏற்றினாள். இரண்டும் ஒன்றாக ஓடத் தொடங்கின. ஐந்து மணி நேரம். வெளியே மழையில் எதிர்க் கட்டடமே தெரியவில்லை. நாங்கள் தேநீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டு காத்தாடிகளும் மாறி மாறி இருமின. உள்ளே எங்களோடு மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் பட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு விடை வந்தது. அவள் கணினி 2.8 என்றது. என் கணினி 7.1 என்றது.

"எது சரி?" என்று கேட்டேன்.

"தெரியாது. தெரியாதுங்கிறதே போதும், அச்சிமேனே. எச்சரிக்கை கொடுக்கணும். வாங்க."

ஓடினோம். இயக்குநர் மதியச் சாப்பாட்டுச் சீமாக் களியை உருட்டிக்கொண்டிருந்தார். மாயி சிம்பிட்டாவும் அங்கேயே இருந்தார். இரண்டு எண்களையும் கேட்டுவிட்டு இயக்குநர் கை கழுவினார். நிதானமாகத் துடைத்தார். படிவத்தை எடுத்தார்.

"படிவத்துல ஒரே கட்டம்தான் இருக்கு" என்றார்.

"பெரிய எண்ணை எழுதுங்க, பம்போ."

"அது ஒருதலைப்பட்சம். ரெண்டும் அரசாங்க இயந்திரம். ஒண்ணை நம்பி ஒண்ணை எப்படி ஒதுக்கறது?" அவர் கூட்டி, இரண்டால் வகுத்தார். "நாலு புள்ளி ஒன்பது அஞ்சு. எச்சரிக்கைக் கோட்டுக்கு அஞ்சு சென்டிமீட்டர் கீழ. கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகாது."

"ஆறு சராசரியா வராது, பம்போ!" தியாமிகே கத்தினாள். "ஒண்ணு இதுவா வரும், இல்ல அதுவா வரும்!"

"குரலை உயர்த்தாதம்மா" என்றார் மாயி சிம்பிட்டா. "முதல்ல சொல்லு, ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு கணினி ஓடிச்சு?"

மணி ஒன்று பதினெட்டு. இரண்டு மணிக்கு நலுவேடேயில் தண்ணீர். எனக்கு அந்த நிமிடம் விதி ஒன்பது நினைவுக்கு வந்தது. பத்தொன்பது ஆண்டுகள் விதிகளைப் படியெடுத்தவன் நான். தொழில்நுட்ப உறுப்பினர், தாம் கருதினால், எண்ணும் படிவமும் இல்லாமலே நேரடியாக எச்சரிக்கை அனுப்பலாம். வேறு யாருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. இயக்குநருக்கும் கிடையாது.

குறுஞ்செய்தி அனுப்பும் கணினி இருக்கும் அறைக்குப் போனோம். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார எனக்கு மனம் வரவில்லை, நின்றபடியே தட்டச்சு செய்தேன். எட்டு மாதமாக அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதி வந்தவன், முதல் தடவையாக அவர் சொல்வதை எழுதினேன்.

'நான் மங்குலெஞ்சே. போன தடவை நான் சொன்னது தப்பு. இப்ப ஆறு வருது. எதையும் எடுக்காதீங்க. மேட்டுக்கு ஓடுங்க.'

அனுப்பும் பொத்தானை நான்தான் அழுத்தினேன் என்று நினைக்கிறேன். நான் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றதாகத் தியாமிகே சொல்கிறாள். செய்தி மட்டும் போய்விட்டது.

நலுவேடேயில் நானூறு பேரின் கைபேசிகளும் மொத்தமாக அடித்திருக்கின்றன. வாரியத்தின் எச்சரிக்கை என்றால் யாரும் நகர்ந்திருக்க மாட்டார்கள். செத்த மனிதனே வந்து தப்பு என்று சொன்னால் நிற்க முடியுமா? கிழவரும் குழந்தையுமாகப் பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடினார்கள். இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஆறு வந்தது. 7.1 மீட்டர். வீடுகள் போயின, ஆடுகள் போயின, சோளப்பயிர் எல்லாம் போயிற்று. ஓர் ஆள்கூடச் சாகவில்லை. தொலைபேசியில் அதைக் கேட்டபோது தியாமிகே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான் அழுதேன்.

ஐந்தாவது கூட்டம் அடுத்த வாரமே கூடியது. பத்து மாதம் ஆணை போடாத லிலோங்வே, மூன்று நாளில் கடிதம் அனுப்பியிருந்தது. பொருள் ஒன்று: திரு. மங்குலெஞ்சே மீதான ஒழுங்கு நடவடிக்கை. பொருள் இரண்டு: தியாமிகேயின் இரண்டு கணினிகள் பற்றிய மறுபரிசீலனை.

வழக்கம்போல் தேநீரும் மூன்று மந்தாசியும் வைத்தேன். பிறகு நான் எழுந்து நின்றேன்.

"அந்தச் செய்தியை அனுப்பினது நான்தான்" என்றேன்.

மாயி சிம்பிட்டா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உக்காரு லெவிசன். அனுப்பற அதிகாரம் உனக்கு இல்ல. அதிகாரம் இல்லாதவன் அனுப்பியிருக்க முடியாது."

"அவர் செத்துட்டாரு, மாயி!"

"நீதானே அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்ததா எழுதியிருக்க? உன் கையெழுத்து, உன் முத்திரை. பிழையற்றதுன்னு."

உட்கார்ந்துவிட்டேன். இயக்குநர் குற்றச்சாட்டுகளைப் படித்தார். எண் குறிப்பிடாமல் எச்சரித்தது முதல் குற்றம். அதைக்கூட மன்னிக்கலாமாம்.

"ஆனா 'நான் சொன்னது தப்பு'ன்னு எழுதியிருக்காரு" என்று தாளை உயர்த்திக் காட்டினார். "இந்த வாரியம் தொடங்கி நாற்பத்தோரு வருஷமாச்சு. தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தர் எழுத்துல கொடுத்ததில்ல. நான் கொடுத்திருக்கேனா? எனக்கு முன்ன இருந்தவர் கொடுத்தாரா? எத்தனை வெள்ளம் வந்திருக்கு! இன்னிக்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டா, நாளைக்கு மத்தவங்களையும் கேப்பாங்களே."

பிறகு நாற்காலியைப் பார்த்துத் திரும்பி, "திரு. மங்குலெஞ்சே, நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று கேட்டார்.

அமைச்சகத்துப் பிரதிநிதிகூடக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். நான் காத்திருந்தேன். எழுத வேண்டியதை எழுதினேன். அவரை ஒருமனதாகப் பணிநீக்கம் செய்தார்கள். இரண்டாவது பொருளுக்கு வந்தபோது உறுப்பினர்கள் நால்வராகக் குறைந்திருந்ததால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தியாமிகே வெளியே காத்திருந்தாள். என்னவென்று கேட்கவில்லை, என் முகமே சொல்லியிருக்கும். "என் மேசையை உன் அறைக்குத் தூக்கிக்கிட்டு வந்துர்றேன்" என்றேன். "கம்ப்யூட்டரோட. குறிப்பை எந்த அறையில உக்காந்து எழுதணும்னு விதி எதுவும் இல்ல. நான் தேடிப் பார்த்துட்டேன்." அவள் என் தோளில் லேசாக ஓர் அடி அடித்துவிட்டுப் போனாள்.

வரவேற்புக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே, பெஞ்சில் நலுவேடேயின் ஊர்த்தலைவர் சினாவா உட்கார்ந்திருந்தார். சேறு காயாத செருப்பு. மடியில் கால் கட்டிய சேவல் ஒன்று. காலையில் வந்தவராம். மங்குலெஞ்சேயைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் அன்றைய பட்டியலைப் பார்த்துவிட்டு, "கூட்டத்துல இருக்காரு, வெயிட் பண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

"முடிஞ்சுதா?" என்று என்னைக் கேட்டார்.

"முடிஞ்சுது, பம்போ. அவரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "நல்லதாப் போச்சு. நான்தான் அவரைத் தண்ணியிலேர்ந்து தூக்கினேன். கையில அளக்கற கயிறு சுத்தியிருந்துது, பிரிச்சுதான் எடுத்தேன். போன வாரம் அவர் பேர்ல செய்தி வந்ததும் ஊரே கேட்டுச்சு, இந்த மனுஷன் இன்னுமா வேலை பார்க்கறாருன்னு. செத்தவரை இப்படியா வெச்சு வேலை வாங்குவீங்க?" சேவலை என்னிடம் நீட்டினார். "இது மழைக்கணக்குப் போடற அந்தப் பொண்ணுக்கு. அவரோடது ஏதாவது இருந்தா கொடுங்க. அவரைக் கூட்டிட்டுப் போறேன்."

நான் கூட்ட அறைக்குத் திரும்பிப் போனேன். யாரும் இல்லை. அவருடைய கோப்பையில் தேநீர் நிறைய இருந்தது, மேலே ஆடை படிந்திருந்தது. மந்தாசி மூன்றும் இருந்தன. பெயரெழுதிய அட்டையை எடுத்து வந்து சினாவாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வாங்க பம்போ, பஸ் போயிரும்" என்று மெதுவாகச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

வாசலில் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். வெளியே செல்வோர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் அவர் 2 என்று எழுதினார்.

"நீங்க ஒருத்தர்தானே வந்தீங்க?" என்றாள் அந்தப் பெண்.

அவர் படியிறங்கினார். அவள் பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள். வழக்கப்படி சரிபார்த்தேன். பிழை எதுவும் இல்லை.